வீட்டில் அச்சிடும் நடைப்பயண மேப்: எங்கே கெடுகிறது?

வீட்டில் அச்சிட்ட மேப் மங்கலாக வந்தால் பழி முதலில் பிரிண்டர் மேல்தான் விழும். மை தீர்ந்துவிட்டது, ஹெட் அடைத்துக்கொண்டது, மெஷினே பழசு என்று ஆளுக்கொரு காரணம். பிரிண்டர் பாவம், கொடுத்ததை அடிக்கிறது. மேப் பெரும்பாலும் அதற்கு முன்பே, திரையிலிருந்து எடுக்கும்போதே கெட்டுவிடுகிறது. கிராமப்புறப் பாதைகளிலும் காட்டோரங்களிலும் நடக்கப் போகிறவருக்கு வேலி எந்தப் பக்கம், ஓடையைக் கடக்கும் இடம் எது, ஒற்றையடிப்பாதை எங்கே பிரிகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். முதலில் காணாமல் போவதும் இந்த நுணுக்கமான விஷயங்கள்தான்.

ஸ்க்ரீன்ஷாட்

எல்லோரும் செய்வது இதைத்தான். மேப்பைத் திறந்து, பிடித்த அளவுக்கு ஜூம் செய்து, ஒரு ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் பிரிண்ட். சாதாரண முழு எச்டி திரையில் அகலவாக்கில் 1920 பிக்சல் இருக்கும். ஏ4 தாளின் நீளப் பக்கம் 29.7 செ.மீ., அதாவது சுமார் 11.7 அங்குலம். வகுத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு 164 பிக்சல்தான் கிடைக்கிறது. குடும்பப் புகைப்படத்துக்கு இது போதும். முடி கனத்தில் கோடுகளும் பொடி எழுத்துகளும் நிறைந்த மேப்புக்கு 300 வேண்டும். 164-இல், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சரிவான இடமெல்லாம் பழுப்புத் தீற்றலாகிவிடும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் அடுத்து விழுவது இன்னொரு குழியில். நன்றாக ஜூம் செய்து, துண்டு துண்டாகப் பல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒட்டிப் பெரிய படமாக்குகிறார்கள். பிக்சல் இப்போது தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த மேப்பில் உள்ள எழுத்துகள் திரைக்காக வரையப்பட்டவை. ஓர் ஊர்ப் பெயர் 10 பிக்சல் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சிட்டால் அதன் உயரம் 0.85 மில்லிமீட்டர். ஒரு பிக்சல் கனமுள்ள பாதைக் கோடு 0.085 மில்லிமீட்டர். எழுத்து பிசிறில்லாமல் கூர்மையாகத்தான் இருக்கும், படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும். ஜூமைக் குறைத்தால் எழுத்து பெரிதாகி மங்குகிறது, கூட்டினால் கூர்மையாகிச் சிறுக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு இதற்கு நடுவே நல்ல வழி கிடையாது.

வழி இருப்பது பிடிஎஃப்பில். தாளின் அளவையும் மேப்பின் அளவு விகிதத்தையும் (1:25,000 என்றால் தாளில் 1 செ.மீ., தரையில் 25,000 செ.மீ.) கேட்டுக்கொண்டு பிடிஎஃப் தரும் அச்சு வசதி சில மேப் தளங்களில் உண்டு. மேப் தயாரிக்கும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் அச்சுத் தாளை நீங்களே அமைக்கலாம். பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் அடிக்கடி நடக்கிறவருக்கு அந்த நேரம் வீண் இல்லை. வெக்டர் முறையில் வரும் பிடிஎஃப்பில் கோடுகளும் எழுத்துகளும் புள்ளிகளாக இல்லாமல் வடிவங்களாகவே சேமிக்கப்படுவதால், எந்த அளவில் அச்சிட்டாலும் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: பிடிஎஃப் என்ற பெயரில் வருவதெல்லாம் வெக்டர் இல்லை. பல தளங்கள் பழைய பட மேப்பையே பிடிஎஃப் உறைக்குள் போட்டுக் கொடுக்கின்றன. கண்டுபிடிப்பது சுலபம். கோப்பைத் திறந்து 800 சதவீதம் ஜூம் செய்து ஏதாவது ஓர் எழுத்தின் வளைவைப் பாருங்கள். வளைவு வழவழப்பாக இருந்தால் வெக்டர். படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தால் அது படம்தான். படம்தான் கிடைக்கிறது என்றால், உயர் தெளிவுத் திரைகளுக்கென்று இரட்டிப்பு பிக்சலில் வரையப்பட்ட மேப் அந்தத் தளத்தில் உண்டா என்று தேடுங்கள். அதில் அதே ஊர்ப் பெயர் 20 பிக்சல் உயரம் இருக்கும். 300-இல் அச்சிட்டாலும் 1.7 மில்லிமீட்டர் வரும், படிக்கலாம்.

படமாகச் சேமிப்பவர்கள் ஜேபெக்கைத் தவிருங்கள். புகைப்படத்துக்காக வந்த சுருக்கும் முறை அது. எழுத்தைச் சுற்றியும் மெல்லிய கோட்டைச் சுற்றியும் அழுக்குப் படிந்தாற்போல் ஒரு மூட்டம் போடும். பிஎன்ஜி போதும். கூட வரும் நண்பருக்கு அரட்டைச் செயலியில் அனுப்பும்போதும் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் செயலி தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும்.

"ஃபிட் டு பேஜ்" செய்கிற வேலை

என் கணக்கில் இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான், ஏனென்றால் பார்த்தால் தெரியாது. மங்கலான மேப் தன் குறையைத் தானே காட்டிவிடும். அளவு தவறிய மேப் அழகாக, பளிச்சென்று இருந்துகொண்டே பொய் சொல்லும்.

பிரிண்ட் கொடுக்கும் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" தானாகவே தேர்வாகியிருக்கும். பிரிண்டரால் தாளின் ஓரம் வரை அச்சிட முடியாததால், பக்கம் முழுவதையும் கொஞ்சம் சுருக்கிவிடும். 95 சதவீதம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1:25,000 மேப்பில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ. இப்போது அந்த 1 கி.மீ. 3.8 செ.மீட்டரில் அடங்கிவிட்டது. நூலை வைத்துப் பாதையை அளக்கிறீர்கள், 38 செ.மீ. வருகிறது, 9.5 கி.மீ. என்று முடிவு செய்கிறீர்கள். நடக்கப்போவது 10 கி.மீ. மாலை வெளிச்சம் குறையும் நேரத்தில் அந்த அரை கிலோமீட்டர் பெரிய விஷயம்.

"ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவில் இருந்து தாள் ஏ4-ஆக இருந்தாலும் இதே கதைதான், இரண்டையும் ஒன்றாக வையுங்கள். அச்சானதும் சாதாரண ஸ்கேலை எடுத்து, மேப்பில் 1 கி.மீ. கட்டங்கள் இருந்தால் ஒரு கட்டத்தை அளந்து பாருங்கள். 1:25,000-இல் சரியாக 4 செ.மீ. இருக்க வேண்டும்.

மேப்போடு, தூரங்களைக் குறித்துக் காட்டும் அளவுப் பட்டையும் அச்சாகும்படி பார்த்துக்கொள்வது இன்னொரு காப்பு. "1:25,000" என்ற எழுத்து, மேப் சுருங்கினாலும் அதே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பட்டை மேப்போடு சேர்ந்து சுருங்கும், அதனால் அதை வைத்து அளந்தால் தூரம் சரியாக வரும். ஓரத்தை வெட்டுகிற ஆர்வத்தில் இந்தப் பட்டையையும் வடக்கு அம்பையும் வெட்டி எறிபவர்கள் ஏராளம்.

இணைய மேப்பில் இன்னொரு சூட்சுமம் உண்டு. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் முறைக்கு வீழல் என்று பெயர்; இணைய மேப்புகள் பெரும்பாலும் மெர்கேட்டர் வகை வீழலில் வரையப்படுகின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலம் பெரிதாகத் தெரியும். 60 பாகை அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு. ஆகவே ஒரே ஜூம் எண் எல்லா ஊரிலும் ஒரே அளவு விகிதத்தைத் தராது. போன பயணத்துக்கு 16-ஆம் ஜூம் சரியாக இருந்தது, இதற்கும் அதுவே என்று எடுக்க வேண்டாம்.

ஒரே தாளில் எல்லாம் வேண்டும் என்கிற ஆசை

ஓரம் போக ஏ4 தாளில் 1:25,000 அளவில் சுமார் 7 கி.மீ.க்கு 5 கி.மீ. பரப்பு அடங்கும். 1:50,000-இல் சுமார் 14-க்கு 10. வயல் வரப்பும் வேலியும் தெரிய வேண்டிய நடைக்கு முதலாவதுதான் சரி. பாதை நீளமென்றால் இரண்டு மூன்று தாளாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்தால் அது மேப்பாக இல்லாமல் ஊர் எங்கிருக்கிறது என்று காட்டும் படமாகிவிடும். தாள்களுக்கு நடுவே 2, 3 செ.மீ. பொதுவான பகுதி இருக்கட்டும், ஒவ்வொன்றின் ஓரத்திலும் அடுத்த தாள் எது என்று எண் எழுதுங்கள். மடிப்பிலும் விளிம்பிலும் முக்கியமான பிரிவுப் பாதை வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பார்க்காவிட்டால் அது கட்டாயம் அங்கேதான் வரும்!

பாதையை ஒட்டி இறுக்கமாக வெட்டுவதும் தவறு. வழி தவறினால் நீங்கள் நிற்கப்போவது மேப்புக்கு வெளியே. சுற்றிலும் குறைந்தது ஒரு கிலோமீட்டராவது விடுங்கள். பக்கத்துக் குன்று, தார்ச்சாலை, அருகிலுள்ள ஊர் ஆகியவை உள்ளே இருந்தால்தான் திசைகாட்டியால் இடத்தைக் கண்டுபிடிக்கவோ, பாதியில் வெளியேறவோ முடியும்.

இதன் மறுபக்கம், சின்ன அளவு மேப்பைப் பெரிதாக்கினால் விவரம் கூடிவிடும் என்ற நம்பிக்கை. கூடாது. ஓப்பன்டோப்போமேப் போன்ற இலவச இணைய மேப்புகளின் உயரக்கோடுகளுக்குப் பெரும்பாலும் அடிப்படை, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் கொண்டு எடுத்த உயர அளவீடு. அதன் நுட்பமான பதிப்பிலும் இரண்டு அளவுப் புள்ளிகளுக்கு நடுவே சுமார் 30 மீட்டர். நடுவில் ஒரு 10 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தால் கோடுகளில் அது தெரியாமலே போகலாம். கோடு வழுக்கிக்கொண்டு அழகாக ஓடுவதால் தரையும் அப்படித்தான் இருக்கும் என்று கண் நம்பிவிடுகிறது. பெரிதாக்க ஆக்க அந்த நம்பிக்கைதான் வளரும்.

நிறமும் மையும்

மை மிச்சம் பிடிக்கும் டிராஃப்ட் முறை மேப்புக்கு ஆகாது. வெளிர் பழுப்பு உயரக்கோடுகளைத்தான் அது முதலில் விழுங்கும். கறுப்பு வெள்ளையில் அடித்தால் ஓடையும் பாதையும் எல்லைக்கோடும் ஒரே சாம்பல் நிறக் கோடுகள். மேடுபள்ளத்தை நிழலாகக் காட்டும் மலைநிழல் அடுக்கு திரையில் கண்ணுக்கு விருந்து, தாளில் கறை, அணைத்துவிடுங்கள். செயற்கைக்கோள் படமும் அப்படித்தான், மரம் அடர்ந்த இடமெல்லாம் கரும்பச்சைத் திட்டாகி மையைக் குடிக்கும்.

நடக்கும் வழியைத் தடித்த சிவப்பில் போடுவது பலரின் பழக்கம். கீழே இருக்கிற பாதை, அதன் வகை, பக்கத்துப் பெயர் எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். மேப்பில் வேறெதற்கும் பயன்படாத ஊதா போன்ற நிறத்தில், பாதி ஒளிபுகும்படி மெல்லியதாகப் போடுங்கள். இருட்டில் சிவப்பு விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளும் சிவப்புக் கோடும் ஒன்றுபோலத் தெரியும். வழி இருந்த இடமே காணாது.

தாளும் மழையும்

பல இங்க்ஜெட் பிரிண்டர்களின் வண்ண மை சாய வகை, தண்ணீர் பட்டால் ஓடும். நிறமி வகை மை ஓரளவு தாங்கும். லேசர் டோனர் என்பது சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், அதனால் ஓடாது. ஆனால் திரும்பத் திரும்ப மடிக்கும் இடத்தில் உதிரும். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் தாள் வாங்கும்போது அது லேசருக்கா இங்க்ஜெட்டுக்கா என்று உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இங்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் தாளை லேசரில் விட்டால், டோனரை உருக்கும் சூட்டில் அதுவும் உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். பிரிண்டரே போய்விடும்.

லேமினேட் செய்வதானால் மை முழுக்கக் காயட்டும். தாளின் விளிம்போடு சேர்த்து வெட்டாமல் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விடுங்கள், இல்லையென்றால் ஓரம் வழியாக நீர் உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும். வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கூசுவதால் எனக்கு லேமினேஷனைவிட ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் பைதான் பிடிக்கும். இரண்டு பக்கமும் அச்சிடுபவர்கள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) தாளை விட்டு 100, 120-க்குப் போங்கள். பின்பக்கத்து ஆறு முன்பக்கத்தில் ஓடாது.

மூலையில் தரவிறக்கிய தேதியை எழுதிவையுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு தினமும் மாறுகிறது, பழைய தாள் எது என்று அப்போதுதான் தெரியும். பங்களிப்பாளர்களுக்கு நன்றி சொல்லும் அந்தச் சின்ன வரியை வெட்டாதீர்கள், உரிமத்தின் நிபந்தனை அது. திசைகாட்டி எடுத்துப் போகிறவர்கள் அந்த இடத்தின் காந்த ஒதுக்கத்தையும் (உண்மையான வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) கூடவே குறித்துக்கொள்ளலாம். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மாறும்.

முழு மேப்பையும் அடிக்கும் முன் கோடுகள் நெருக்கமாக இருக்கும் ஒரு கால் பக்கத்தை மட்டும் அச்சிட்டு, அந்தி வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். வெள்ளெழுத்து உள்ளவர்கள் 1:25,000 மேப்பை 125 சதவீதத்தில் அடித்து 1:20,000 ஆக்கிக்கொள்ளலாம். அப்போது கிலோமீட்டருக்கு 5 செ.மீ.; திசைகாட்டியின் ஓரத்தில் உள்ள 1:25,000 அளவுகோல் அந்தத் தாளுக்குப் பொருந்தாது என்பதை மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.