வெப்சொக்கெட் ரீகனெக்ட் எழுதுறப்போ விடுற பிழைகள்

ஒபிஸ் வைஃபைல நல்லா ஓடுதுன்னு உங்க வெப்சொக்கெட் கிளையன்ட்ட நம்பிடாதீங்க. வெப்சொக்கெட்னா ஆப்புக்கும் சேர்வருக்கும் நடுவுல திறந்தே இருக்குற லைன், அறுந்தா திரும்ப கட்டுறதுதான் ரீகனெக்ட். போன்ல போட்டுக்கிட்டு கொட்டகலைல ரயிலேறி ஹட்டனுக்கு வாங்க, நடுவுல சிங்கமலை சுரங்கம் வரும்ல, அதுக்குள்ள தெரிஞ்சிடும்.

உள்ள சிக்னல் செத்துரும், ஆனா சொக்கெட்டோட நிலைய சொல்ற ரெடிஸ்டேட் இன்னும் 1, அதாவது கனெக்ஷன் இருக்குன்னே காட்டிக்கிட்டு இருக்கும். லைன் மூடினா ஓடுற ஆன்க்ளோஸ் வரட்டும், அப்புறம் திரும்ப கனெக்ட் பண்ணலாம்னு எழுதியிருந்தா வெளிய வந்தும் சும்மாவே கிடக்கும். பிரவுசர்ல நம்ம கோட்ல இருந்து பிங், அதாவது உயிரோட இருக்கியான்னு கேக்குற சிக்னல், அனுப்ப வழியில்ல, அதனால 25 செக்கனுக்கு ஒருக்கா நீங்களே ஒரு சின்ன மெசேஜ் அனுப்புங்க, 10 செக்கன்ல பதில் இல்லன்னா செத்துப்போச்சுன்னு எடுத்துக்கோங்க. அப்போ க்ளோஸ் கூப்பிட்டுட்டு ஆன்க்ளோஸுக்காக காத்திருக்கவும் வேணாம், செத்த லைன்ல அதுவும் லேட்டாத்தான் வரும், பழைய சொக்கெட்டுல மாட்டின ஆன்க்ளோஸ் மாதிரி ஹேண்ட்லர்கள கழட்டிட்டு புது சொக்கெட் ஒன்னு போடுங்க.

எரர் வந்தா ஓடுற ஆன்எரர்லயும் ஆன்க்ளோஸ்லயும் ரெண்டுலயுமே ரீகனெக்ட் போடுறவங்க நிறைய. எரருக்குப் பின்னால க்ளோஸ் எப்படியும் வரும், அப்போ ஒன்னு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். மேல சொன்ன செத்த லைன தவிர மத்ததுக்கெல்லாம் ஆன்க்ளோஸ்ல மட்டும் போடுங்க, ஒரே ஒரு டைமர்.

பேக்ஆஃப்னா ஒவ்வொரு தடவை தோத்ததும் காத்திருக்குற நேரத்த 1, 2, 4, 8ன்னு கூட்டி 30 செக்கன்ல நிப்பாட்டுறது, இது எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்த ராண்டமா கொஞ்சம் மாத்துற ஜிட்டர் சேர்க்கத்தான் மறந்துடுறாங்க. சேர்வர் ரீஸ்டார்ட் ஆனா எல்லா போனும் ஒரே செக்கன்ல அறுந்து, ஒரே செக்கன்ல திரும்பி வரும், சம்பளத்தன்னைக்கு மொத்த தோட்டமும் ஒரே கடையில போய் நிக்கிற மாதிரி. 2011ல வந்த வெப்சொக்கெட்டோட தர ஆவணம் ஆர்எஃப்சி 6455லயே முதல் தடவைக்கும் 0ல இருந்து 5 செக்கனுக்குள்ள ராண்டமா காத்திருக்கலாம்னு இருக்கு.

கனெக்ட் ஆகி ஆன்ஓப்பன் வந்ததுமே எத்தனை தடவை முயற்சி பண்ணோம்னு எண்ணுற கவுண்டர சைபராக்காதீங்க, சேர்வர் ஏத்துக்கிட்டு உடனே வெட்டினா செக்கனுக்கு ஒருக்கா முட்டிக்கிட்டே இருக்கும். பத்து செக்கனாவது நிலைச்சு நின்ன பிறகு ஆக்குங்க. 1000 கோட்ல, அதாவது வேலை முடிஞ்சு ஒழுங்கா, மூடினா திரும்ப போகவே வேணாம்.

இனி டேட்டா. கனெக்ட் ஆகுறதுக்கு முன்னால செண்ட் கூப்பிட்டா எரர் வரும், மூடின பிறகு கூப்பிட்டா எரர் கூட வராது, மெசேஜ் சத்தமில்லாம காணாமப் போயிரும். தேயிலை தோட்டத்து மடுவத்துல, அதாவது எடை போடுற கொட்டகையில, நிறுக்கிற கொழுந்து கிலோவ அனுப்புற ஆப்புன்னு வைங்க. ஒவ்வொரு எடைக்கும் ஒரு ஐடி குடுத்து போன்லயே சேமிங்க, கிடைச்சதுன்னு சேர்வர் சொன்ன பிறகுதான் அழிங்க, அதே ஐடி ரெண்டாம் தடவ வந்தா சேர்வர் விட்டுடணும். ஒரு மெசேஜ் தொலைஞ்சாலும் காலைல இருந்து மழையில நின்ன அக்காவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.