மீன் தொட்டி வாங்குமுன் கையை அளந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு, தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த குடும்பங்களில் மீன் வளர்ப்பவர்கள் நிறைய பேர். ஃபிளவர்ஹார்ன், கப்பி, கொஞ்சம் வசதி வந்தால் அரோவானா. தொட்டியின் அளவை மட்டும் பெரும்பாலும் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கழுவப் போகிறவரின் கை உள்ளே எட்டுமா என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய தவறு உயரத்தில்தான் நடக்கிறது. 30 அங்குல உயரத் தொட்டி கடையில் கம்பீரமாகத் தெரியும். வீட்டில் அதை 30 அங்குல ஸ்டாண்டில் ஏற்றினால் விளிம்பு தரையிலிருந்து 5 அடிக்குப் போய்விடும். 5 அடி 2 அங்குல உயரமுள்ள அம்மாவுக்குத் தோளே ஏறக்குறைய நாலேகால் அடியில்தான் இருக்கும். நாற்காலி போட்டு ஏறி, கன்னம் விளக்கில் இடிக்க, அக்குள் வரை கையை விட்டாலும் விரல் நுனி அடியில் கிடக்கும் கல்லைத் தொடாது. பெரியவர்களின் கை அக்குளிலிருந்து சுமார் 25 அங்குலம்தான். மூலையில் ஊறிக் கிடக்கும் தீனி அங்கேயே அழுகும், தண்ணீர் கெடும், பழி மீன்மேல் விழும்.

என்னைக் கேட்டால் 18 அங்குல உயரம் போதும், 24க்கு மேல் வேண்டவே வேண்டாம். தண்ணீர் அதிகம் பிடிக்க வேண்டுமென்றால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுங்கள். 3 அடி நீளம், 1 அடி அகலம், 3 அடி உயரத் தொட்டியும், 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியும் ஒரே 255 லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் முதலாவதில் நீர்ப்பரப்பு 3 சதுர அடி, இரண்டாவதில் 6. காற்று தண்ணீரில் கலப்பது அந்தப் பரப்பில்தான் என்பதால் மீனுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

அகலம் 1 அடி என்றால் உள்ளே அலங்காரத்துக்கு வைக்கும் மரக்கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை திரும்பாது. 2 அடிக்கு மேலும் வளரக்கூடிய அரோவானாவுக்கு அது கொடுமை, உடம்பை வளைத்துத் திரும்ப இடமே இருக்காது. அதற்காக இரண்டரை அடி அகலத் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கத்து அடிமூலை எட்டாது. வளைந்த கண்ணாடித் தொட்டியும் வேண்டாம். தட்டையான காந்தத் தேய்ப்பான் அதில் சரியாக ஒட்டாது, பாசி கோடு கோடாக நிற்கும்.

தொட்டிக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. சாமி மேடைக்கோ அலமாரிக்கோ கீழே வைத்துவிட்டு, தொட்டியின் மேலே உட்காரும் டாப் ஃபில்டரின் பஞ்சை எடுக்க மூடியைத் தூக்கும்போதுதான் முட்டும். ஒன்றரை அடியாவது காலியாக விடுங்கள். குழாய்க்கும் வயருக்கும் பின்னால் 4, 5 அங்குலம் வேண்டும். நீரோடு அரை டன்னை நெருங்கும் தொட்டியைப் பிறகு நகர்த்த முடியாது.

அப்புறம் தண்ணீர். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 450 லிட்டர். வாரம் கால்வாசி மாற்றினாலும் 110 லிட்டருக்கு மேல், 14 லிட்டர் வாளியில் எட்டு நடை. முன் ஹாலில் தொட்டி, பின் கட்டில் குளியலறை என்றால் ரெண்டே மாதத்தில் சலித்துப்போகும். ரப்பர் குழாய் எட்டும் இடமாகப் பாருங்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வெளியேறும் முனை தொட்டியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் தானாக வடியும். பைப் தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் விடுவதாக இருந்தால், குளோரின் நீக்கி மருந்தை முழுத் தொட்டியின் அளவுக்குக் கணக்கிட்டு முதலில் ஊற்றிவிடுங்கள்.

பணம் கட்டுமுன் சுவரில் டேப் ஒட்டி விளிம்பின் உயரத்தைக் குறியுங்கள். கழுவப் போகிறவரை அங்கே நிற்க வைத்து, கையை அந்தக் கோட்டுக்கு மேலே கொண்டுபோய்க் கீழே இறக்கச் சொல்லுங்கள். தோள் கோட்டுக்குக் கீழே நின்றால் ஸ்டாண்டையோ தொட்டியையோ குறைத்துக்கொள்ளலாம். சொன்ன அளவுக்குக் கண்ணாடி வெட்டி ஒட்டித் தரும் கடையாக இருந்தால் 4 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று கேளுங்கள், தொட்டியின் வாயில் குறுக்கே ஒட்டும் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே முழங்கை தாராளமாக நுழைய வேண்டும் என்பதையும் சேர்த்து.