காந்தம் ஒட்டும் மண்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகாராஷ்டிரத்து பசால்ட் பாறையில், அதாவது லாவா இறுகிய பாறையில், விளைந்த மண்ணோடு ஆய்வகத்துக்கு வரும் புதிய மாணவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த கோளாறுகளையே ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். பையில் பெயர் எழுதாதது, சல்லடையைக் கழுவாதது எல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். காந்த மண்ணுக்கே உரிய சிக்கல்களை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டினால் மேக்னடைட் என்பது

அவசர முடிவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய லாவாவில் டைட்டானியம் கலந்த மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு உண்டு. பாறை சிதையும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மேக்ஹெமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு ஆகிறது. அதுவும் காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். பொடித்துப் பாருங்கள். மேக்னடைட் கறுப்பு, மேக்ஹெமைட் செம்பழுப்பு.

கரிசலின் கறுப்புக்கு மேக்னடைட்டைக் காரணம் சொல்வது

இல்லை. களிமண்ணோடு பிணைந்த மட்குதான் காரணம்.

ஆக்சலேட் எண்ணை அப்படியே நம்புவது

படிகம் சரியாக உருவாகாத இரும்பு, குறிப்பாக ஃபெரிஹைட்ரைட், எவ்வளவு என்று அறிய, பிஹெச் 3 உள்ள அம்மோனியம் ஆக்சலேட்டில் மண்ணை இருட்டில் குலுக்குவோம். வெளிச்சம் பட்டால், நன்கு படிகமான இரும்புக் கனிமங்களான ஹெமடைட்டும் கோதைட்டும் கரையத் தொடங்கிவிடும். பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்; பாட்டிலுக்குக் கறுப்புத் துணி சுற்றி, அறை விளக்கையும் அணைத்துவிடுவார்கள். ஆனால் மண்ணில் மேக்னடைட் இருந்தால் இருட்டு காப்பாற்றாது. அதிலுள்ள பெரஸ் (Fe²⁺) இரும்பு கரைந்து ஆக்சலேட்டோடு சேர்ந்ததும், வெளிச்சம் செய்யும் வேலையை அதுவே செய்யும். மேக்னடைட் கரையும், சும்மா கிடந்த கோதைட்டும் கொஞ்சம் கரையும். அத்தனையும் ஃபெரிஹைட்ரைட் கணக்கில் ஏறும்.

ஃபெரிஹைட்ரைட் பாஸ்பரஸைப் பிடிப்பதில் வல்லது. ஒரு மாணவி இந்த எண்ணை வைத்து, தன் மண் பாஸ்பரஸை அபாரமாகப் பிடித்துவைக்கும் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். அவருடைய அட்டவணையிலேயே குட்டு உடைந்திருந்தது. ஆக்சலேட்டில் கரைந்த இரும்பை டைதயோனைட் கரைசலில் கரைந்த இரும்பால் வகுத்த விகிதம் சில மாதிரிகளில் ஒன்றைத் தாண்டியிருந்தது. டைதயோனைட் என்பது ஃபெரிஹைட்ரைட், கோதைட், ஹெமடைட் எல்லாவற்றையும் கரைப்பது. பருமனான மேக்னடைட்டை மட்டும் அவ்வளவாகத் தொடாது. அப்படியிருக்க, பகுதி எப்படி முழுமையை மிஞ்சும்? வழிகாட்டி உட்பட ஒருவரும் அந்த இடத்தில் நிற்கவில்லை. அத்தியாயம் குப்பைக்குப் போனது. விகிதத்தைக் கணக்கிட்டு, மூன்று தசம இடம் வரை அச்சடித்து, படிக்காமல் விடுவதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

குலுக்குவதற்கு முன்னும் பின்னும் காந்த ஏற்புத்திறனை, அதாவது மண் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை, அளந்துவிடுங்கள். தெளிவாகக் குறைந்திருந்தால் காந்தக் கனிமம் கரைந்திருக்கிறது. அப்புறம், மண்ணில் இன்னொரு பங்கை நீரில் கலைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தால் துழாவி, ஒட்டியதை நீக்கிவிட்டு அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். மிக நுண்ணிய துகள்கள் களிமண்ணோடு தப்பிவிடும். ஆகவே இதுவும் முழுத் தீர்வல்ல.

காந்தக் கலக்கி

வேண்டாம். அதில் சுழன்று கலக்கும் துண்டே காந்தம்; அதன்மேல் மீசை முளைத்ததுபோல் துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

எக்ஸ் கதிரில் ஒரே கோட்டை நம்புவது

எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், படிக அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும் கோடுகள் கிடைக்கும்; அவற்றை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்போம். மேக்னடைட்டின் வலுவான கோடு 2.53 ஆங்ஸ்ட்ராமில், மேக்ஹெமைட்டினுடையது 2.52இல். டைட்டானியம் புகுந்தால் கோடு இடம் மாறும். எக்ஸ் கதிர்க் கருவியில் தாமிரக் குழாய் போட்டால் மண்ணிலுள்ள இரும்பு ஒளிர்ந்து பின்னணியும் ஏறும். கோபால்ட் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆலையில் அரைப்பது

உலர்வாக நெடுநேரம் அரைத்தால் மேக்ஹெமைட் ஹெமடைட்டாக மாறக்கூடும். அகேட் கல்வம், கொஞ்சம் ஆல்கஹால், கையால் அரைத்தால் போதும்.