‘இந்தச் சைபர் தாக்குதலுக்குப் பின்னால் அந்த அரசு’: இத்தகைய செய்தியை வாசிக்கும் முறை

ஒரு நாட்டின் கணினி அமைப்புகள் முடங்கி, அதற்கு இன்னொரு நாட்டின் அரசே காரணம் என்று செய்தி வந்தால், குற்றம் சாட்டப்பட்ட நாட்டின் பெயரைப் பார்த்ததுமே நம்மில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த அவசரம் நல்லதல்ல; இத்தகைய குற்றச்சாட்டுகளின் பேரில் தூதரகங்கள் மூடப்பட்டிருக்கின்றன, தடைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அரசின் மீது இவ்வாறு குற்றம் சுமத்துவோர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று ஐ.நா.வின் வல்லுநர் குழு 2015இல் கூறியது. ஆனால் அந்த ஆதாரத்தைச் சோதித்துச் சொல்வதற்கென்று எல்லா நாடுகளும் ஏற்ற பொது அமைப்பு ஏதும் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு வாசகரின் தலையில் விழுகிறது.

முதல் வேலையாக, ஒரு தாளில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். அல்பேனியாவுக்கும் ஈரானுக்கும் இடையிலான பூசலை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலை 15 அன்று அல்பேனிய அரசின் இணையச் சேவைகள் தாக்கப்பட்டன. பெரும்பாலான அரசுச் சேவைகளை இணையத்துக்கு மாற்றியிருந்த நாடு என்பதால் அடி பலமாகவே விழுந்தது. பிரதமர் எடி ராமா ஈரானைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியதோ செப்டம்பர் 7 அன்றுதான். இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு வாரங்களில் மைக்ரோசாப்ட் வல்லுநர்களும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் விசாரணைக்கு உதவினர். குற்றம் சாட்டிய அன்றே தூதரக உறவு முறிக்கப்பட்டு, ஈரானியத் தூதரகத்தினர் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. குற்றச்சாட்டு அடிப்படையற்றது என்று ஈரான் மறுத்தது. செப்டம்பர் 9 அன்று ஈரானின் உளவு அமைச்சகத்தின் மீதும் அதன் அமைச்சர் மீதும் அமெரிக்கா தடை விதித்தது. அதே வேளையில் அல்பேனியாவின் எல்லைக் கட்டுப்பாட்டுக் கணினி அமைப்பும் தாக்குதலுக்கு உள்ளானது. தாக்குதல் நடந்த மறுநாளே எழும் குற்றச்சாட்டையும், வாரக்கணக்கில் விசாரித்த பின் எழும் குற்றச்சாட்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்காகவே தேதிகளை எழுதச் சொல்கிறேன்.

தேதிகளுக்கு அருகில், இரு நாடுகளுக்கும் முன்பிருந்தே உள்ள பகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரான் அரசை எதிர்க்கும் முஜாஹிதீன் இ கல்க் அமைப்பினர் அல்பேனியாவின் துரஸ் நகரத்துக்கு அருகே மானெஸ் என்ற இடத்தில் முகாமிட்டு வாழ்கிறார்கள். 2022 ஜூலை பிற்பகுதியில் அங்கே அவர்கள் சார்பில் ஒரு மாநாடு நடக்கவிருந்தது. இது தாக்குதலுக்கான நோக்கத்தை விளங்க வைக்கிறது. நோக்கம் இருந்தது என்பது செய்தார் என்பதற்குச் சான்றாகிவிடாது. இரண்டையும் தாளில் தனித்தனியே எழுதுங்கள்.

அடுத்து, அறிக்கையின் சொற்களை நிறுத்துப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் கடந்துபோவது இந்த இடத்தைத்தான். என் அனுபவத்தில் மிகுதியான உண்மை கிடைப்பதும் இங்கேதான். 2021 ஜூலை 19 அன்று, மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்கள் மீதான ஊடுருவல் குறித்து மேற்கு நாடுகள் ஒரே நாளில் அறிக்கை விட்டன. சீனாவின் உளவுப் பணியைக் கவனிக்கும் அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்துடன் தொடர்புடையவர்களே செய்தார்கள் என்றது அமெரிக்கா. ஐரோப்பிய ஒன்றியமோ, சீன மண்ணிலிருந்து நடந்தது என்றும், அம்மண்ணை இத்தகைய செயலுக்குப் பயன்படுத்த விடக்கூடாது என்றும் கூறியது. ஓர் அரசு ஏவியது என்பது வேறு, அதன் எல்லைக்குள் நடந்ததைத் தடுக்கவில்லை என்பது வேறு. மறுநாள் செய்திகளில் இந்த வேறுபாடு கரைந்துபோய், ‘எல்லோரும் சீனாவைக் குற்றம் சாட்டினர்’ என்று மட்டும் எஞ்சிவிடும். சீனா இவை அனைத்தையும் மறுத்தது.

சொல்லின் வலுவைச் செயலோடு ஒப்பிடுவதும் பயன் தரும். தூதரை அழைத்துக் கண்டிப்பது, தன் தூதரை ஆலோசனைக்காகத் திரும்ப அழைப்பது, அதிகாரிகளை வெளியேற்றுவது, தடை விதிப்பது, உறவையே முறிப்பது என்று படிகள் பல. அப்போது ஆட்சிக்குத் தலைமை தாங்கிய சமூக ஜனநாயகக் கட்சியின் மின்னஞ்சல்கள் ஊடுருவப்பட்டதற்கு ரஷ்ய ராணுவ உளவுத்துறையே காரணம் என்று 2024 மே மாதம் கூறிய ஜெர்மனி, தன் தூதரை ஆலோசனைக்கு அழைத்துக்கொண்டதோடு நின்றது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை எல்லா உறுப்பு நாடுகள் மீதான தாக்குதலாகக் கருதும் நேட்டோ ஒப்பந்த விதியைக் கோருவது பற்றி எண்ணிப் பார்த்து வேண்டாமென்று விட்டதாக அல்பேனியப் பிரதமர் ராமா பிற்பாடு சொன்னார். ஏற மறுத்த படியும் ஒரு செய்திதான்.

மௌனத்தையும் கணக்கில் சேருங்கள். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருந்ததை அணுமின் கழகம் உறுதிப்படுத்தியது. அது வடகொரியாவின் லாசரஸ் என்ற ஊடுருவல் குழுவைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கூறினாலும், இந்திய அரசு எந்த நாட்டையும் பகிரங்கமாகச் சாடவில்லை.

எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது கணினிகளை முடக்கிய தீநிரலில் லாசரஸ் குழுவின் கைவரிசை போன்ற தடயங்கள் இருந்தன. அவை வேண்டுமென்றே புகுத்தப்பட்ட போலித் தடயங்கள் என்று அடுத்த மாதமே ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் தாக்குதலையும் சேர்த்து ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர் மீது அமெரிக்கா குற்றப்பத்திரிகை வெளியிட்டது 2020 அக்டோபரில். முதல் வாரத்திலேயே தாளை மடித்து வைத்தவர், அதில் வடகொரியா என்றே எழுதியிருப்பார்.