கிராஃபீன் மேல் பென்டசீன் படலம் வளர்க்கும் முறை

சென்னையின் கடலோர ஈரக்காற்றில் இருந்த கிராஃபீன் (கார்பன் அணுக்களின் ஒற்றை அடுக்கு) மேல் நீர் மூலக்கூறுகளும், வேறொரு தளத்துக்கு மாற்றும்போது ஒட்டிய பாலிமர் எச்சமும் தங்கிவிடுவதால், முதலில் அதை உயர்வெற்றிடத்தில் 300 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் சூடாக்கித் தூய்மைப்படுத்த வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரிவராது.

மாதிரி அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்ததும், படலத்தின் தடிமனைக் காட்டும் குவார்ட்ஸ் படிக அளவியைப் பார்த்தபடி, ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக இணைந்த கரிமக் குறைகடத்தியான பென்டசீனை நிமிடத்துக்கு 0.1 நானோமீட்டர் போன்ற மெதுவான வேகத்தில் படியவிடுங்கள்.

சிலிக்கன் ஆக்சைடு மேல் நிமிர்ந்து நிற்கும் இந்த மூலக்கூறு, சுத்தமான கிராஃபீன் மேல் பை எலக்ட்ரான்களின் (கார்பன் வளையங்களின் மேலும் கீழும் பரவியிருக்கும் எலக்ட்ரான்கள்) ஈர்ப்பால் படுத்துக்கொள்ளும். செங்குத்தாக மின்னோட்டம் பாயவேண்டிய சூரிய மின்கலத்துக்கு அதுவே உகந்தது. அணுவிசை நுண்ணோக்கியில் அடுக்கின் உயரம் ஏறத்தாழ 1.5 நானோமீட்டராகத் தெரிந்தால், மூலக்கூறுகள் நிமிர்ந்துவிட்டன என்று பொருள். பெரும்பாலும் பாலிமர் எச்சமே காரணமாக இருக்கும் என்பதால், புதிய மாதிரியை இன்னும் நன்றாகச் சூடாக்கித் தொடங்குங்கள்.