100-400 ஆ, 200-600 ஆ? நீள லென்ஸ் வாங்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். திரையில் இரண்டு லென்ஸ். ஒன்று சோனி 100-400 ஜிஎம், இன்னொன்று சோனி 200-600 ஜி. இந்த எண்கள் லென்ஸின் குவியத்தூரம், மில்லிமீட்டரில்; எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், படத்துக்குள் அடங்கும் பரப்பு குறையும். "அண்ணே, 600 தானே பெரிசு? விலையும் கம்மி. அப்புறம் யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

யோசிக்க நிறைய இருக்கிறது. 2017இல் 100-400 வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 2,500 டாலர். 2019இல் வந்த 200-600 ஏறக்குறைய 2,000 டாலர். நீளமானது மலிவு, குட்டையானது விலை கூடுதல். இதைப் பார்த்து ஒரு சாரார் "விலை கூடியதுதான் உசத்தி" என்று 100-400ஐ எடுக்கிறார்கள். இன்னொரு சாரார் "குறைந்த காசில் நிறைய மில்லிமீட்டர்" என்று 200-600ஐ எடுக்கிறார்கள். இரண்டு பேருமே தாங்கள் எங்கே நின்று எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. நிக்கான் வைத்திருப்பவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அங்கே 100-400க்கு எதிரே 180-600 நிற்கிறது. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றுதான்.

முதல் சறுக்கல், பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சின்ன எண்ணை மறப்பது. தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் ரோடு நோக்கிப் போகும் காவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நீங்கள்; மூன்று மீட்டர் தூரத்தில் காவடி எடுப்பவர் கடந்து போகிறார். ஃபுல் ஃபிரேம் கேமராவை, அதாவது 36 மில்லிமீட்டர் அகலச் சென்சார் உள்ளதை, செங்குத்தாகப் பிடித்து 200 மில்லிமீட்டரில் எடுத்தால், அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம்தான் படத்துக்குள் வரும். முகம் வரும், கன்னத்தில் குத்திய அலகு வரும், அவ்வளவுதான். 100 மில்லிமீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். மார்பும் தோளும் காவடியின் அடிப்பகுதியும் சேர்ந்துவிடும். முழுக் காவடியும் வேண்டுமென்றால் 24-70 போன்ற லென்ஸ்தான் வேண்டும், அது வேறு பேச்சு. பின்னால் நகர்ந்து எடுக்கலாமே என்று தோன்றும். தைப்பூசக் கூட்டத்தில் பின்னால் ஓர் அடி நகர முடிந்தால் பெரிது.

நீர்நாய்களும் அப்படித்தான். பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலும் காலாங் ஆற்றோரத்திலும் அவை மனிதர்களைப் பொருட்படுத்தாமல் கரையேறும். பத்து மீட்டரில் ஒரு குடும்பமே மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போது, 200 மில்லிமீட்டரில் உங்கள் படத்தின் அகலம் 1.8 மீட்டர். வாலோடு சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள விலங்கு அது. ஒன்று முழுதாக வரும், பக்கத்தில் இருப்பதன் தலை அறுந்து நிற்கும். 100 மில்லிமீட்டரில் அகலம் 3.6 மீட்டர், குட்டிகளும் உள்ளே வந்துவிடும். சிங்கப்பூரில் உயிரினங்கள் நம் பக்கத்திலேயே வாழ்கின்றன. பாசிர் ரிஸ் பூங்காவில் இருவாச்சி நம் தலைக்கு மேல் கிளையில் வந்து உட்காரும். ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு எழுதப்பட்ட ஆலோசனையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் சொன்னதும், "அப்போ 100-400 தானா அண்ணே?" என்று தம்பி முடிவுகட்டப் பார்த்தார். பொறுங்கள், எதிர்ப்பக்கத்திலும் ஒரு பெரிய சறுக்கல் இருக்கிறது.

சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போங்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் பறவைகள் சேற்றுமேட்டில் இரை தேடும். உப்புக்கொத்தி, பவளக்காலி எல்லாம் கையளவுக்குச் சற்றே பெரிய பறவைகள். 50 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு பவளக்காலி, 600 மில்லிமீட்டரிலேயே படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 400இல் இன்னும் சிறிது. "பரவாயில்லை, வீட்டுக்கு வந்து வெட்டிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 400இல் எடுத்த படத்தை 600 அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 2.25இல் ஒரு பங்கு. உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்றால் கையில் நிற்பது 11க்கும் குறைவு. 61 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவருக்கு 27 மிஞ்சும், அவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கேமராவையும் கணக்கில் சேருங்கள். அது சென்சார் சிறியதான ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 400 மில்லிமீட்டரே ஃபுல் ஃபிரேமின் 600 போலத் தெரியும்; 200இல் தொடங்கும் லென்ஸ் 300இல் தொடங்குவது போல் நெருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி நம் நண்பர்கள் வட்டத்தில் மணிக்கணக்காக விவாதம் நடக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்வது எஃப் எண்; அது கூடினால் வெளிச்சம் குறையும். 400இல் எஃப் 5.6, 600இல் எஃப் 6.3. வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு முழு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 இருக்க வேண்டிய இடத்தில் 4000 இருக்கும், அவ்வளவே. இதற்காக 600ஐ ஒதுக்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. 400ஐ 5.6ஆல் வகுத்தால் 71, 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95. மில்லிமீட்டரில் சொன்னால் அதுதான் வெளிச்சம் நுழையும் வாயின் விட்டம். தூரத்தில் நிற்கும் அதே பறவையிடமிருந்து 600 வாங்கிக்கொள்ளும் வெளிச்சம் ஏறக்குறைய 1.8 மடங்கு. 400இல் எடுத்து வெட்டிய படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரிவதற்கு இதுதான் காரணம். லென்ஸ் மங்கலானது என்று அதன் மேல் பழி போடாதீர்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி மில்லிமீட்டரைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் இதைச் சரிசெய்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. 100-400இல் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் மாட்டினால் 560 மில்லிமீட்டர், எஃப் 8. வாயின் விட்டம் அதே 71தான், அது பெரிதாகாது. நல்ல வெயிலில் அருமையாக வேலை செய்யும். புக்கிட் தீமா காட்டுக்குள், மரநிழலில், காலை ஏழரைக்கு எஃப் 8இல் பறவையைத் தேடும்போது கை தளர்ந்துவிடும். எப்போதாவது தேவைப்படுகிறவர் கன்வெர்ட்டர் வாங்கலாம். எப்போதும் அதை மாட்டியே வைத்திருக்கப் போகிறவர் 200-600ஐயே வாங்கிவிடட்டும்.

சுங்கை பூலோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் ஏறும் நேரத்தில் சேற்றுமேடு மூழ்கும். பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களுக்கு ஒதுங்கும். அந்த நேரத்தில் மறைவிடத்தில் உட்கார்ந்திருந்தால் தூரம் தானாகக் குறைந்துவிடும். கடல்மட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு 400கூடப் போதும். பாராமல் போகிறவருக்கு 600உம் போதாது. எட்டவில்லை என்பதற்காகத் தீனி போட்டு இழுக்கிற ஆசை மட்டும் வேண்டாம். காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தீனி போடுவது 2020 முதல் தீவு முழுக்கக் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மனிதன் கையைப் பார்த்துப் பழகிய பறவைக்கு அது நல்லதில்லை.

கிட்டத்தில் எடுப்பதைப் பலர் கேட்பதே இல்லை. 100-400 ஒரு மீட்டருக்குள், 0.98 மீட்டரில் ஃபோகஸ் ஆகும். 200-600க்குக் குறைந்தது 2.4 மீட்டர் வேண்டும். முதலாவது உச்ச அளவில் 10 சென்டிமீட்டர் அகலத்தைப் படம் முழுக்க நிரப்பும். இரண்டாவதில் அது 18 சென்டிமீட்டர். வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் பிடிக்கும் என்றால் இந்த ஒரு வரியே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

எடையை எல்லாரும் படிக்கிறார்கள், யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. முக்காலி வளையம் இல்லாமல் 100-400 1,395 கிராம், 200-600 2,115 கிராம். எண்ணாகப் பார்த்தால் முக்கால் கிலோ வித்தியாசம். வீட்டில் 2 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நிரப்பி, கேமராவோடு சேர்த்துப் பையில் போட்டு, எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்கி, புலாவ் உபின் தீவில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். பிறகு அந்தப் போத்தலைக் கண் உயரத்துக்குத் தூக்கி ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். 200-600 நீள்வதும் சுருங்குவதும் இல்லை, எப்போதும் 31.8 சென்டிமீட்டர். ஜூம் செய்யும்போது எடை முன்னால் சாயாது என்பது அதன் பெரிய வரம். அதே காரணத்தால் சாதாரணத் தோள்பையில் அது படுக்காது. 100-400 சுருங்கினால் 20.5 சென்டிமீட்டர்தான், வேலைக்குக் கொண்டுபோகும் பையிலேயே இருந்துவிடும். கூட வருகிற லென்ஸ்தான் படமெடுக்கும்.

படம் மங்கினால் லென்ஸையே குற்றம் சொல்வதும் நமக்குப் பழக்கம். காலை பத்து மணிக்கு மேல் சேற்றின் மீதும் நீரின் மீதும் சூடான காற்று அலையும். 600இல் தூரத்துப் பறவை கானலுக்குள் நெளியும், எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது. குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். பெரிய லென்ஸ் சூடாக நேரம் பிடிக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். லென்ஸுக்குள் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று பறக்கும் பறவையை 1/500 நொடியில் எடுப்பவர்களும் உண்டு. அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், சிறகடிப்பை அல்ல. 1/2000இல் தொடங்குங்கள்.

பூஞ்சை விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தனியார் ஒருவரிடம் பழைய லென்ஸ் ஒன்றை எம்ஆர்டி நிலைய வாசலில் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. பத்து நிமிடத்தில் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திக்கால் போல வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது சில மாதங்களில் பரவிவிடும். பழையது வாங்குகிறவர்கள் முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, கைப்பேசி டார்ச்சைச் சாய்த்து அடித்து, உள்ளே பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டியையும் லென்ஸ் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரிக்கு ஏற்ற சின்னப் பெட்டியில் 31.8 சென்டிமீட்டர் லென்ஸ் நிற்காது. உள் உயரத்தை அளந்த பிறகு வாங்குங்கள்.

புதிது வாங்கும்போது "லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் சில நூறு வெள்ளி குறைவாக இருப்பதற்கு, உள்ளூர் உத்தரவாதம் இல்லாததே பெரும்பாலும் காரணம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் லா' என்ற வாடிக்கையாளர் பாதுகாப்புச் சட்டம், கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறைக்குத் துணை நிற்கும், பழைய பொருளுக்கும்கூட. தனியாரிடம் கைமாற்றாக வாங்கினால் அது உதவாது.

தம்பியிடம் இரண்டையும் வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். சனிக்கிழமை 200-600ஓடு சுங்கை பூலோ, ஞாயிற்றுக்கிழமை 100-400ஓடு பீஷான். திங்கட்கிழமை இருவரும் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த நாற்பது படங்கள் எந்த மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முப்பதுக்கு மேல் 300க்குள் இருந்தன, பாதிக்கு மேல் நீர்நாய்கள். அவர் 100-400 வாங்கினார். ஒரே ஒரு படத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்தார். தண்ணீருக்கு மேல் திரும்பும் ஒரு கடற்கழுகு, 600 மில்லிமீட்டர், கண்ணில் வெயில் பட்டுப் பொறியாக மின்னியது. கன்வெர்ட்டர் என்ன விலை என்று கேட்டபடியே எழுந்துபோனார்.