பெங்களூருக்குப் போகலாமா, இங்கேயே இருக்கலாமா: முடிவெடுக்கும்போது செய்யும் தவறுகள்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். அதே ஓசூரிலிருந்து நாகர்கோவில் 600 கிலோமீட்டருக்கு மேல். ஓசூர்க்காரர் ஒருவர் நாகர்கோவிலுக்குக் குடிபோனால் ரேஷன் கார்டும், வண்டி நம்பரும், பிள்ளையின் சாதிச் சான்றிதழும் கூடவே வரும். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் இடமாறுதல் கேட்கவாவது வழி உண்டு. பெங்களூருக்குப் போனால் இவற்றில் பாதி அத்திப்பள்ளி சோதனைச்சாவடியோடு நின்றுவிடும்.

"பக்கத்துலதானே, நினைச்சா வந்துடலாம்" என்று கிளம்புகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள், எல்லையை விட்டுவிடுகிறார்கள். மாநிலம் மாறுவது என்றால் பெரும்பாலும் காகிதம் மாறுவதுதான். அந்தக் காகிதங்களில் சில, வேண்டும் என்று நினைக்கும்போது கிடைக்காது. பல வருஷம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். பெங்களூரை மனதில் வைத்து எழுதுகிறேன், தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் யோசிப்பது அந்த ஊரைத்தான் என்பதால். ஹைதராபாத்துக்கோ கொச்சிக்கோ போகிறவர்கள் விதிகளை அந்தந்த மாநிலத்துக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

மாதச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது

புது வேலையில் எத்தனை சதவீதம் கூட என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இருக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் மாதக் கணக்கு போடாமல் ஒரு வருஷக் கணக்கு போடுங்கள். பெங்களூரில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது சில வீட்டுக்காரர்கள் ஐந்தாறு மாதத்துக்கு இறங்கிவருகிறார்கள். காலி செய்யும்போது வெள்ளையடிப்பு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் அங்கே சகஜம். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

தண்ணீர் அடுத்தது. 2024 கோடையில் பெங்களூரின் போர்வெல்கள் வற்றி, அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் லாரிக்காகக் காத்துக்கிடந்தன. சென்னைக்காரர்களுக்கு 2019 நினைவிருக்கும் என்பதால் இதைப் பெரிய அதிர்ச்சியாகச் சொல்ல மாட்டேன். வீடு பார்க்கப் போகும்போது காவிரி இணைப்பு இருக்கிறதா, டேங்கர் என்றால் அந்தச் செலவு பராமரிப்புத் தொகைக்குள் அடங்குமா என்று கேட்டாலே போதும்.

பண்டிகைக்கு ஊர் வந்துபோகும் செலவை யாரும் எழுதுவதில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. தீபாவளி டிக்கெட் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பிறகு ஆம்னி பஸ் சொன்னதுதான் விலை. பொங்கலுக்கு நம் ஊரில் மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் என்று விடுமுறை நீளும். அங்கே சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். மீதி நாட்களைச் சொந்த விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சலுகைகளில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்தில் எந்த ஊர்ப் பெண் ஏறினாலும் டிக்கெட் இல்லை. கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் அந்த மாநில முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மாறாக, அங்கே மாதம் 200 யூனிட் வரையிலான கிருஹ ஜோதி மின் சலுகைக்கு வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்காக யாரும் ஊர் மாறப்போவதில்லை. கணக்கு என்று போட்டால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவருக்கு வந்த வேலையை இருவருக்கும் வந்ததாக நினைப்பது

ஐ.டி. வேலைக்கு எல்லை கிடையாது. பல வேலைகளுக்கு உண்டு. மாநில அரசு ஆசிரியை, கிராம நிர்வாக அலுவலர், அரசு மருத்துவமனைச் செவிலியர் இவர்களுக்கெல்லாம் கர்நாடக அரசுப் பணிக்கு மாறுதல் என்று ஒன்று இல்லை. ஒன்று ராஜினாமா, இல்லையென்றால் தனித்தனி ஊரில் குடித்தனம்.

தனியார் வேலையிலும் இதே கதை கொஞ்சம் இருக்கிறது. செவிலியர் பதிவு மாநில கவுன்சிலில் நடப்பது. அங்கே வேலை பார்க்க அங்கேயும் பதிய வேண்டும். வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் பதிவை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் கட்சிக்காரர்களை மாற்ற முடியாதே. தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியது கர்நாடக அரசுப் பள்ளிக்கு உதவாது. அந்த மாநிலத்துக்குத் தனித் தேர்வு, கன்னடமும் வேண்டும். மத்திய தகுதித் தேர்வு எழுதியவருக்குக் கேந்திரிய வித்யாலயா போன்ற இடங்களில் வாய்ப்பு உண்டு.

"போய்ப் பார்த்துக்கலாம், உனக்கும் ஏதாவது கிடைக்கும்" என்ற ஒற்றை வாக்கியத்தில் பல பெண்களின் பத்து வருஷப் பணிமூப்பு கரைந்திருக்கிறது. அந்த "ஏதாவது" என்ன என்று பெயர் சொல்ல முடியாதவரை, குடும்பத்துக்கு இரண்டு சம்பளம் என்று கணக்கெழுதாதீர்கள். கிளம்புவதற்கு முன் அவர் பெயரிலும் நான்கைந்து இடத்துக்கு விண்ணப்பம் போகட்டும்.

பிள்ளை எந்த வகுப்பில் என்று பார்க்காமல் கிளம்புவது

மற்ற தவறுகளைப் பணத்தால் சரிசெய்யலாம். இதைச் சரிசெய்வது கடினம்.

கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். விதிவிலக்குப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலோருக்குப் பொருந்துவது இதுதான். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு பன்னிரண்டு முடியும்போது சரியாக ஏழு. எட்டில் சேர்ந்தால் ஐந்துதான். அப்பா எவ்வளவு வரி கட்டினாலும், பிள்ளை எவ்வளவு மார்க் எடுத்தாலும் அந்த இரண்டு வருஷத்தை விலைக்கு வாங்க முடியாது.

சரி, தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்து பொறியியல் கலந்தாய்வில் உட்காரலாமா? உட்காரலாம். எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. வெளியே படித்தவர்கள் அதை வருவாய்த் துறையிடம் வாங்கி வைக்க வேண்டும். மருத்துவத்துக்கு இன்னும் கறார், ஆறாம் வகுப்பிலிருந்து பார்ப்பார்கள். ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஆவணங்களோடு போக வேண்டும். பெற்றோரின் பள்ளிச் சான்று, பழைய ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் இவற்றை ஊர் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வந்தவர்கள் ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்தில் நிற்பதைப் பார்க்கலாம்.

முற்றிலும் மூடிவிடும் கதவும் ஒன்று இருக்கிறது. 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கானது. நடுவில் இரண்டு வருஷம் வெளியே போய் வந்தால் அந்த உரிமை போய்விடும். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, மாதம் ஐந்தாயிரம் கூடுதல் கூலிக்காக எல்லை தாண்டும் குடும்பங்களுக்கு இதை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

மொழியும் கணக்கில் வருகிறது. கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்குகிறது. இரண்டாம் வகுப்பில் போகிற குழந்தை ஆறே மாதத்தில் கன்னடம் பேசிவிடும். ஏழாம் வகுப்பில் போகிறவன் திணறுவான். ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வருகிறவன் தமிழ்த் தாளைப் பார்த்து விழிப்பான். நாளைக்குத் தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வு எழுத நினைத்தால் அங்கேயும் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்வதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமில்லை.

சாதிச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும் என்று நம்புவது

செல்லாது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ அறிவிக்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்த மாநிலத்தின் வேலையிலோ கல்லூரியிலோ அதே இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மீண்டும் உறுதிசெய்தது. அதே பெயரில் அங்கேயும் ஒரு சாதி பட்டியலில் இருந்தாலும் இதே நிலைதான். தமிழ்நாட்டின் 69 சதவீத ஏற்பாடும், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற நம் வகைப்பாடும் இங்கே மட்டும்தான். அங்கே உங்கள் பிள்ளை பொதுப் போட்டியில் நிற்பார்.

மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் சொந்த மாநிலத்தை வைத்து வாங்கிய சான்று பயன்படும். அதனால் சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருங்கள். முன்னேறிய வகுப்பினருக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது. அவர்கள் "எங்க பையன் போயிட்டான், ஒரு பிரச்சினையும் இல்ல" என்று தரும் ஆலோசனை உங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு ஒரு காரணம் இது.

பயத்திலோ கோபத்திலோ முடிவெடுப்பது

ஆட்டோக்காரரோடு மொழிச் சண்டை என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். உடனே வீட்டில் பெரியவர்கள் "வேண்டாம்ப்பா" என்பார்கள். அவர்கள் பயம் வெறும் கற்பனையில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிக் கலவரம் நடந்தது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பெங்களூரில் எரிந்தன. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு இடஒதுக்கீடு தரும் மசோதாவைக் கர்நாடக அமைச்சரவை ஏற்று, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பல தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதும் அதே ஊரின் உண்மைதான். பல வருஷம் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் அல்சூரில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. அன்றாட வாழ்க்கையில் வரும் உரசல்களில் பெரும்பகுதி மூன்று மாதம் கன்னடம் கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும். "கன்னட கொத்தில்ல" (கன்னடம் தெரியாது) என்பதை மட்டும் மனப்பாடம் செய்துவைத்துப் பத்து வருஷம் ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கே எரிச்சல் வரும்.

ஓசூரை மறந்துவிடுவது

பெங்களூரின் ஓசூர்ப் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை என்றால், குடியிருப்பு ஓசூரில் இருக்கலாம். பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும். ரேஷன் கார்டு, ஓட்டு, வண்டி எதையும் தொட வேண்டாம். 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூரிலேயே டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று தொழிற்சாலைகள் இருப்பதால் மனைவிக்கோ கணவனுக்கோ வேலை தேடவும் ஊர் உண்டு.

இதை எல்லோருக்குமான மருந்தாகச் சொல்லவில்லை. அலுவலகம் ஒயிட்ஃபீல்டிலோ ஹெப்பாளிலோ இருந்தால் ஓசூர் நரகம். தினமும் ஐந்து மணி நேரம் சாலையில் போகும். நிறுவனம் நாளைக்கு இடத்தை மாற்றுமா, குழு எங்கே உட்கார்கிறது என்று வேலை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்க வேண்டும்.

வந்த வேகத்தில் வாங்குவதும், கிளம்பும் முன் வாங்குவதும்

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் புதுக் கார் எடுக்காதீர்கள். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இங்கே தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி, பிறகு இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

குடிபோன முதல் வருஷத்திலேயே ஃபிளாட் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. பட்டா, வில்லங்கச் சான்று பார்த்துப் பழகிய நமக்கு அங்கே 'காத்தா' என்ற சொத்து வரிப் பதிவு புதிது. ஏ காத்தா ஒழுங்கான சொத்து. பி காத்தா என்றால் வரி வாங்குகிறார்கள், மற்றபடி அனுமதியில் ஏதோ குறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கடனும் மறுவிற்பனையும் இழுபறியாகும். விலை குறைவாகத் தெரியும் வீட்டில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

இங்கேயே இருப்பதை முடிவாகவே நினைக்காதது

தங்குவதும் ஒரு முடிவுதான். அதற்கும் இதே கணக்கு வேண்டும். நாகர்கோவிலில் பெற்றோர் இருக்க, "அவங்களை விட்டு வெளிமாநிலம் போக மாட்டேன்" என்று சென்னையில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. சென்னை அங்கிருந்து 700 கிலோமீட்டர். 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரருக்குப் பாலக்காடு 50 கிலோமீட்டர்தான். பெற்றோர்தான் காரணம் என்றால் அவர்கள் வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதே கேள்வி. மாநிலத்தின் பெயர் அதற்குப் பதில் சொல்லாது.

அவர்களையும் கூட்டிப்போவதாக இருந்தால், ஊர் கார்டிலேயே ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அங்கே தானியம் வாங்கலாம், அதுவும் மத்தியத் திட்டத்துக்குள் வரும் கார்டு என்றால். துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே மட்டும். ஓட்டு இரண்டு இடத்தில் வைத்திருக்கக் கூடாது. யோசிக்க வேண்டியது அவர்களுடைய பகல்பொழுது. பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் மே மாதத்தில் பத்து நாள் கூட்டிவைத்துவிட்டு "அம்மாவுக்குப் பெங்களூரு பிடிச்சிருக்கு" என்று முடிவுகட்டாதீர்கள். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் ஜூலையில், மழை தூறும் நாட்களில், ஒரு மாதம் இருக்கட்டும். பிறகு கேளுங்கள்.